துணியின் அருமை தெரியாத கதாபாத்திரங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சரித்திரக் கதைகளில் வரும் உடைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதுமே, எந்த ராணியின் முதுகில் ஜிப் தெரிந்தது என்பது போன்ற பிழைகளைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதையும் சொல்லலாம், தப்பில்லை. ஜிப் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1913 வாக்கில்தான், அதற்கு முந்தைய கதையில் அது வந்தால் பிழைதான். ஆனால் இந்த மாதிரிப் பிழையை ஒரு வரியில் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது வேறு ஒன்று. உடையின் வெட்டு, நிறம், பெயர் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அதை உடுத்தியிருக்கும் ஆள் அதை நம்மைப் போலவே நடத்துவார், அலமாரியில் இன்னும் இருபது இருக்கிறது என்பது போல.

நாயகன் காயத்துக்குக் கட்டுப்போட மேலங்கியைச் சர்ரென்று கிழிப்பான். நனைந்த போர்வையைப் புதரில் வீசிவிட்டு நடப்பான். நாயகி கோபத்தில் பழைய கவுனைத் தீயில் போடுவாள். இயந்திரம் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்தப் போர்வை எப்படி உருவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டு மயிரைக் கத்தரித்து, அலசி, சிக்கெடுத்து, தக்கிளியிலோ ராட்டையிலோ நூற்று, அப்புறம்தான் தறிக்கே வரும். 1760களில் ஹார்கிரீவ்ஸின் நூற்பு இயந்திரம் வரும்வரை உலகத்தில் இருந்த நூல் ஏறக்குறைய எல்லாமே, இழை இழையாக, யாரோ ஒருவரின் விரல் வழியாக வந்ததுதான். நெய்வதைவிட நூற்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்கப் பல பேர் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது. அதனால்தான் பழைய உயில்களில் நிலத்தோடும் பாத்திரத்தோடும் இந்த அங்கி இன்னாருக்கு என்று தனியாக எழுதி வைத்தார்கள், 18ஆம் நூற்றாண்டு லண்டன் நீதிமன்றப் பதிவுகளில் துணித் திருட்டு வழக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1599ல் லண்டனுக்குப் போன தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி ஒரு விஷயம் எழுதிவைத்திருக்கிறார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப்போவார்களாம், தங்கள் தகுதிக்கு மேற்பட்ட அவற்றை உடுத்த முடியாத வேலைக்காரர்கள் நாடகக்காரர்களிடம் விற்றுவிடுவார்களாம். ஒரே உடைக்குள் எத்தனை கதை!

ஆகவே கிழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் கிழிக்கட்டும். அந்தக் கிழிப்பு ஒரு பெரிய இழப்பு என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருக்கிற ஒரே நல்ல சட்டையை ஒருத்தன் இன்னொருத்தனுக்காகக் கிழித்தால், அன்பைப் பற்றி நீங்கள் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991ல் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்ஸி என்ற பழங்கால மனிதரின் தோலாடையைப் பாருங்கள். சுமார் 5,300 ஆண்டு பழையது. விலங்கு நரம்பால் நேர்த்தியாகத் தைத்திருக்கிறார்கள், கூடவே புல்லைத் திரித்து அவசரமாகப் போட்ட ஒட்டுத் தையலும் இருக்கிறது. நல்லவராகவோ கெட்டவராகவோ இருந்திருக்கலாம், ஆனால் கிழிந்ததைத் தூக்கிப்போடாமல் கிடைத்ததை வைத்துத் தைத்துக்கொண்டு மலையேறிய ஒரு ஆள் அங்கே கண்முன் நிற்கிறார்.

அடுத்து கார்செட், அதாவது பெண்கள் இடுப்பையும் மார்பையும் நாடாவால் இறுக்கிக் கட்டிய உள்ளாடை. 16ஆம் நூற்றாண்டோ 18ஆம் நூற்றாண்டோ, எந்தக் கதையானாலும் அந்தக் காட்சி வந்துவிடுகிறது: நாயகி கட்டில் காலைப் பிடித்துக்கொள்ள, பணிப்பெண் முழங்காலை முதுகில் ஊன்றி நாடாவை இழுக்க, நாயகிக்கு மூச்சு முட்டும். நாடா கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் வந்தது 1820களின் கடைசியில்தான். அதற்கு முன்னால் எல்லாத் துளையும் கையால் நூல் சுற்றித் தைத்தவை, அந்தக் காட்சியில் இழுப்பது போல இழுத்தால் முதலில் கிழிவது துணி. தவிர, வயலிலும் சலவைத் தொட்டியிலும் வேலை செய்த பெண்களும் அந்த உள்ளாடையைப் போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்ந்தார்கள். அதை வெறும் சிறையாக மட்டும் எழுதும்போது, உழைத்த அத்தனை பெண்களும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நிறம் இன்னொரு தலைவலி. ஏழை என்றால் சாம்பல், அழுக்குப் பழுப்பு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் சாதாரண ஆட்களுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் செடிகளிலிருந்தே கிடைத்தன. சில வெளிறிப்போகும், சில சீக்கிரம் மங்கும், ஆனால் நிறம் நிறம்தான். எட்டாத நிறம் என்றால் கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதா. 301ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில் ஊதாச் சாயம் ஏற்றிய பட்டு நூல் ஒரு ராத்தலுக்கு 1,50,000 தினாரி. 1856ல் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்து செய்யப்போய்த் தற்செயலாகச் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தச் சாயல் சாதாரண வீடுகளுக்குள் பரவலாக வந்தது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு குதிரைலாயப் பையன் பளிச்சென்ற ஊதாச் சட்டையில் வந்து நின்றால், எங்கே திருடினான் என்று ஊரே கேட்கும். அப்படிக் கேட்டால் நல்ல கதை, கேட்காவிட்டால்தான் பிழை.

பாக்கெட்டையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்ணின் பாக்கெட் பாவாடையோடு தைத்தது கிடையாது, இடுப்பில் நாடாவால் கட்டிய தனிப் பை, பாவாடைப் பிளவு வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். கடிதம், சாவி, பணம் எல்லாம் அதற்குள். முடிச்சு அவிழ்ந்தால் மொத்தமும் போச்சு. கதை எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"கதைதானே, இவ்வளவு பார்க்கணுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தெரிந்துகொண்டு மீறுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரியாமல் மீறும்போது அந்தக் காலத்து மனிதர் போய்விடுகிறார், வேஷம் போட்ட நாம்தான் மிஞ்சுகிறோம்.

எங்கே தேடுவது? ஓவியங்களை மட்டும் நம்பாதீர்கள், படத்துக்கு உட்காருபவர் இருப்பதில் சிறந்ததைத்தான் உடுத்தியிருப்பார். பழைய எகிப்து ஓவியங்களில் பெண்களின் உடை உடம்போடு ஒட்டி நிற்கும், ஆனால் அங்கே தர்கானில் கிடைத்த 5,000 ஆண்டுக்கு மேற்பட்ட லினன் உடை நன்றாக மடிப்பு வைத்து, உடம்பு அசைய இடம் விட்டுத் தைத்தது, முழங்கையிலும் அக்குளிலும் உடுத்திய சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகங்கள் பல இப்போது உடைகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. முன்பக்க அழகைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், உட்புறத்தைத் திருப்பிக் காட்டும் படங்களைத் தேடுங்கள். எங்கே ஒட்டுப் போட்டார்கள், அடுத்தவர் உடம்புக்கு ஏற்ப எங்கே பிரித்துத் தைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.