கையை எடு தம்பி

(கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் பேசியது. எழுத்தில் கேட்டவர்களுக்காக.)

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், அதனால் முட்டிவலியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. புற்றுநோய் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவர்களை நாம் வீட்டில் என்ன பாடு படுத்துகிறோம் என்பதுதான் விஷயம். அன்பால்தான் படுத்துகிறோம், அதுதான் சிக்கலே.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, 71 வயது. மளிகைக் கடை வைத்திருந்தவர், முப்பது வீட்டுப் பற்றுக் கணக்கையும் நோட்டைத் திறக்காமலே சொல்வார். மார்பகத்தில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது, ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நூறு ரூபாயில் அறுபத்து மூன்று போனால் மீதி எவ்வளவு என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். நான் போயிருந்த அன்றைக்கு அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "எங்கடா வெச்சேன், அந்தத் தாக்கோல்... தாக்கோல்... தமிழ்ல என்னடா அது?" என்று மகனைக் கேட்டார். சாவி என்ற வார்த்தை வரவில்லை. நம்ம ஊரில் தமிழும் மலையாளமும் கலந்து வருவது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் தேடியும் கிடைக்காமல் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அது வேறு. மகன் சொன்னார், "வயசாச்சுல்ல, அப்படித்தான்."

வயசு மட்டும் இல்லை. இதற்கு 'கீமோ பிரெயின்' என்று ஒரு பெயரே வழக்கில் இருக்கிறது. கீமோ மேல் மட்டும் பழி போடவும் முடியாது. நோயும் மருந்தும் கிளப்பிவிடுகிற அழற்சி, ரத்தசோகை, ஹார்மோன் மாத்திரை, வலி மாத்திரை, கெட்டுப்போன தூக்கம், யாரிடமும் சொல்லாத பயம், எல்லாம் சேர்ந்துதான் தலையை மந்தமாக்குகின்றன. தைராய்டும் பி12-ம் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், அவை சரிசெய்யக்கூடியவை.

அப்புறம் இந்த 'ரெஸ்ட்'. என் அப்பாவுக்கு வைத்தியம் முடிந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் மருந்துக்குக் கீழே 'நல்ல ஓய்வு' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்தவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கியது யார்? நான்தான், இந்தப் படிப்பைப் படித்தவள். நாலு மாதம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து ஒரு ஆள் தூக்கினால்தான் எழுந்தார். நல்ல திடகாத்திரமான பெரியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது, காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோய் இல்லாதவர்களுக்கே அந்தக் கதி.

சரி, என்ன செய்வது? வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேர நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை, குறைந்தது பன்னிரண்டு வாரம். வைத்தியத்துக்குப் பிறகு வரும் சோர்வுக்கு இது நல்ல மருந்து என்பதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது. மறதிக்கு அந்த அளவு சான்று இன்னும் சேரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் சோர்வும் தூக்கமும் சரியானாலே தலை பாதி தெளிகிறதை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்தின் அளவு. தசைக்கு ஜிம் வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. மார்பக ஆபரேஷன் ஆன கையால் கனம் தூக்கினால் கை வீங்கும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள்.

சில கீமோ மருந்துகள் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். அப்படி மரத்துப்போனவர்கள் வரப்பில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, முள் குத்தினாலும் தெரியாது, கால் எங்கே ஊன்றுகிறது என்பதும் தெரியாது. தார் ரோடு, பின்பட்டி வைத்த செருப்பு, வெளிச்சம் இருக்கிற நேரம். எலும்புக்கு நோய் பரவியவர்களும் காய்ச்சல் இருப்பவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

தலைக்கு வேலை என்றதும் பேரன் போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுக்கிறான். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும், அவ்வளவுதான் என்பது என் கட்சி. கடைக்காரம்மாவுக்குக் கடைக் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும். இப்போது தினமும் பஸ் ஸ்டாப் வரை போய் வருகிறார், வழியில் பத்துச் சாமானின் விலையைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார், கூட்டல் தப்பினால் அங்கேயே நின்று திரும்பப் போடுகிறார். சாவிக்கு வாசல் பக்கம் ஒரே ஒரு ஆணி. அடுப்பை அணைத்ததும் "அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குக்கர் கூவும்போது போன் பேசக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. அறுபத்து மூன்று இன்றைக்கும் சில நாள் இடறுகிறது, ஆனால் அழுவதில்லை.

ஒரு புள்ளிவிவரம் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆரோக்கியப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள், மறு பாதிக்குப் புத்தகத்தோடு மூன்று வருஷம் உடற்பயிற்சிக்கு ஒரு ஆளையும் துணைக்குப் போட்டார்கள். முடிவு 2025-இல் வந்தது. ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் புத்தகக்காரர்களில் நூற்றுக்கு 74, துணைக்கு ஆள் இருந்தவர்களில் 80. அந்த ஆளை நாம் எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். 2008-லேயே வலிநிவாரணப் பராமரிப்புக்கு, அதாவது பாலியேட்டிவ் கேருக்கு, கொள்கை வகுத்த மாநிலம் இது, பாலியேட்டிவ் தொண்டர்கள் ஏற்கெனவே நம் வீட்டுப் படியேறி வருகிறார்கள். படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவர், எழுந்தவரோடு பஸ் ஸ்டாப் வரை நடக்க மாட்டாரா?

பேசியது போதும். எல்லாரும் நாற்காலியின் நுனிக்கு வாருங்கள், கையை நெஞ்சின் குறுக்கே கட்டுங்கள், முப்பது வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறீர்கள் என்று எண்ணுவோம். கடைசி வரிசையில் தாத்தாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிற தம்பி, உன்னைத்தான். கையை எடு. அவர் எழுந்திருக்கட்டும், நீ பக்கத்தில் நின்று எண்ணு.