மிச்சம் பிடிபடுவது அடுப்படியில்தான்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, இந்தப் பனியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

"குடும்பத்துக் காசு மிச்சமாவது கடைத்தெருவிலா, அடுப்படியிலா?" எனக்கு முன் பேசிய அக்கா கடைத்தெரு என்றார். சம்பளம் போட்ட மறுநாள் அட்டன் டவுணுக்கு பஸ் ஏறி, நாலு கடையில் விலை கேட்டு, மாதச் சாமானை மொத்தமாகக் கட்டிக்கொண்டு வரவேண்டுமாம். அரிசிக்கும் சவர்க்காரத்துக்கும் அது சரி, நான் மறுக்கவில்லை. கோதுமை மாவுக்குச் சரிவருமா? ஆனி ஆடி மழையில் உப்பே போத்தலுக்குள் தண்ணீர் விடுகிற ஊர் இது. பத்துக் கிலோ மாவைச் சீமெந்துத் தரையில் சாய்த்து வைத்தால் அடிப்பக்கம் கட்டிபிடித்துப் பூசணம் மணக்கும், மேல்பக்கம் வண்டு ஓடும். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கி, இரண்டு கிலோவைக் கோழிக்குப் போட்டால் லாபம் கோழிக்குத்தான்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். "அடுப்படிச் சிக்கனம் என்றால் பொம்பளை வயிற்றைக் கட்டுவது" என்றார். கைதட்டலும் வாங்கினார். நியாயமான கோபம், ஆனால் ஆள் மாறி வந்த கோபம். ஒரு பிடி சோறும் குறையாமல், சூட்டை மட்டும் வீணாக்காமல் இருப்பதைத்தான் எங்கள் அணி சிக்கனம் என்கிறது.

நம் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 300 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். அட்டனில் 96, நுவரெலியாவில் 94 பாகை அளவில் கொதி வந்துவிடும். கொதிக்கிறதே தவிர, கடலை வேகாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? காஸைக் கூட்டுகிறோம், விறகைத் தள்ளுகிறோம். கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது ஐயா. கூட்டிய தீ அத்தனையும் ஆவியாகிக் கூரையைத்தான் நனைக்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள், அதே நேரத்தில்தான் வேகும்.

அதனால்தான் குக்கரை இங்கே ஆடம்பரம் என்று சொல்லக் கூடாது. அழுத்தம் ஏறினால் உள்ளே 115 பாகையைத் தாண்டும். ஆனால் பல வீடுகளில் குக்கரே காஸைக் குடிக்கிறது. காரணம் அந்த ரப்பர் வளையம். விறைத்துப்போனால் ஆவி பக்கவாட்டில் சீறும், விசில் வராது, தீ எரிந்துகொண்டே இருக்கும். கழுவித் துடைத்து வையுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். பருப்பு நுரைக்கும், ஆகவே தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், விசில் துவாரம் அடைத்துக்கொள்ளும். முதல் விசிலோடு தீயைக் குறைத்துவிட வேண்டும். கடலையை ஊறப்போடும்போது நம் குளிரில் பச்சைத் தண்ணீர் மெதுவாகத்தான் வேலை செய்யும். இரவில் சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் நகம் இறங்கும்.

குக்கர் இல்லாத வீட்டுக்குக் கம்பளி இருக்கிறது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகையில் மழைக்குப் போட்ட பழைய கம்பளியைத்தான் சொல்கிறேன். அரை மணி ஊறிய அரிசியைக் கொதிக்கவிட்டு, மூடியோடு சிறு தீயில் பச்சையரிசி என்றால் எட்டு நிமிடம், சிவப்பரிசி என்றால் பதினைந்து நிமிடம் வைத்து, இறக்கி, கம்பளியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் இறுக்கி வையுங்கள். முக்கால் மணிக்குத் திறக்காதீர்கள். பிள்ளைகள் "வெந்துச்சா" என்று ஒரு தடவை திறந்து பார்த்தால் அன்றைக்குக் கதை முடிந்தது. சட்டி முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும், ஒரு கோப்பை அரிசிக்குச் சூடு நிற்காது. விறகடுப்பில் இறக்கினால் அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் கம்பளி போய்விடும். வெந்ததை அப்படியே பின்னேரம் வரை விடவும் கூடாது, இளஞ்சூட்டில் புளித்துவிடும்.

விறகைப் பற்றி அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிளாறு சுருக்கென்று பற்றும், சுருக்கென்று அணையும். ரொட்டி சுட நல்லது, சோறு பொங்கக் கட்டை வேண்டும். ஈரக் கட்டை எரியும்போது முதல் சூடு அதன் தண்ணீரை விரட்டவே போய்விடும், மிச்சம் புகையாகிக் கண்ணுக்கு வரும். மழைக்கு முன்பே பிளந்து, கூரை இறவாணத்துக்குக் கீழே, இரண்டு கல்லின்மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது "டக்" என்னும், ஈரம் "மொத்" என்னும்.

இனி கரண்ட். ஒரு கிலோவாற் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு அலகு. நம் இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டண முறை. தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம், மாத நிலைக் கட்டணமும் கூடும். 61ஆவது அலகு மற்ற அறுபதையும் இழுத்துக்கொண்டு போகிறது! மீற்றர் வாசிக்க வருபவர் 33 நாளில் வந்தால் எல்லையும் நாளுக்கேற்பக் கூடி 66 ஆகும், ஆகவே நாளுக்கு இரண்டு அலகு என்று கணக்கு வையுங்கள்.

டவுண் வீடுகளில் பூட்டும் 3.5 கிலோவாற் சுடுநீர் ஷவரைப் பாருங்கள். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.58 அலகு. நாலு பேருக்கு நாளைக்கு 2.3, முப்பது நாளைக்கு 70. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் குளித்தாலும் எல்லை தாண்டிவிட்டது. குளிக்கிற தண்ணீரைச் சமையல் முடிந்த அடுப்புத் தணலில் ஏற்றிவைத்தால் அந்த எழுபதும் இல்லை. 60 வாற் குண்டு பல்ப் நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் ஒன்பது அலகு. 9 வாற் எல்ஈடி பல்ப் ஒன்றரைகூட ஆகாது.

எதிரணி அக்கா கையில் கடை விலைப் பட்டியல் இருக்கிறது, பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் குறித்த தாளும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறதா என்று அடுத்து வருகிறவர் சொல்லட்டும். வணக்கம்.