செத்த கார்ட்டிலிருந்து திரும்பி வந்த மயில்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கும் திருகோணமலை டச் பே கடற்கரைதான். காற்று கொஞ்சம் பலம், மைக்கில் பஞ்சு உறை போட்டிருக்கிறேன். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று கீழே சொல்லுங்கள். பின்னால் மூன்று மான்கள் நிற்கின்றன, போன வீடியோவில் பார்த்த அதே குடும்பம்தான்.

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன், அடக்க முடியவில்லை. செத்துப்போன மெமரி கார்ட் திறந்துவிட்டது!

பழைய ஆட்களுக்கு எந்தக் கார்ட் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 மார்ச் முதல் வாரம், இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவு. கொழும்பு காலி முகத்திடலில் விமானக் கண்காட்சி. இரவு பஸ்ஸில் போய், மாஸ்க் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று எடுத்தேன். அன்று இரவே மெமரி கார்ட் செத்தது. அதனால்தான் அந்த வீடியோ வரவே இல்லை. நீங்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

கொழும்பில் ஒரு கடையில் 18,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் கிடைக்குமா என்று உறுதி சொல்லாமல். இன்னொரு கடையில் கையில் வாங்கிப் பார்க்காமலே "எறிந்துவிடுங்கள்" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது. எறியவில்லை. அம்மாவின் ஊசி நூல் டப்பாவில் பொத்தான்களோடு போட்டு வைத்திருந்தேன். போன கிழமை நம்முடைய ஊரிலேயே, வடகரை வீதிப் பக்கம் போன் திருத்தும் தம்பி ஒருவர், "தாங்கோ அண்ணா, ரெண்டு ராத்திரி விட்டுப் பார்ப்பம்" என்றார். இரண்டு இரவு கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓட விட்டார். 47 வீடியோத் துண்டுகளில் 41 வந்துவிட்டன. எவ்வளவு தெரியுமா? 3,500 ரூபாய்! நான் 5,000 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார். மூன்றாவது நாள் கடைக்கு வடை வாங்கிக்கொண்டு போனேன், அதை மட்டும் மறுக்கவில்லை.

இப்போது அந்த 41 துண்டுகளில் என்ன இருக்கிறது? அந்த நிகழ்ச்சிக்கு இந்தியாவிலிருந்து 23 வானூர்திகள் வந்திருந்தன. தேஜஸ் போர் விமானம் வந்தது, சூரிய கிரண் என்ற ஜெட் சாகசக் குழுவின் ஹோக் ஜெட்கள் வந்தன. சூரிய கிரண் நம்முடைய நாட்டுக்குப் புதிதல்ல, 2001இல் 50ஆவது ஆண்டுக்கே வந்தவர்கள். ஆனால் என் கார்ட்டில் பாதிக்கு மேல் சாரங்தான். இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர் சாகசக் குழு.

ஜெட் குழு எனக்குப் பிடிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் ஜெட் வரும், இரைச்சல் போடும், கழுத்தைத் திருப்புவதற்குள் போய்விடும். அடுத்தது வரும்வரை வெறும் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஹெலி அப்படி இல்லை. கண்முன்னே நிற்கும், பக்கவாட்டில் போகும், பின்னால் போகும், ஒன்றுக்கொன்று மூக்கோடு மூக்கு பார்த்துக்கொண்டே சுற்றும். முழு ஆட்டத்தையும் முதல் வரிசையில் இருந்து பார்ப்பது போல.

சாரங் 2003 ஒக்டோபரில் பெங்களூருவில் உருவானது. அடுத்த ஆண்டே, 2004இல், சிங்கப்பூர் கண்காட்சியில் முதல் தடவை மக்கள் முன்னால் பறந்தது. பிறந்து சில மாதங்களில் வெளிநாட்டு மேடை! ஓட்டுவது துருவ், இந்தியாவின் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். செய்த ஹெலி. துருவின் முதல் பறப்பு 1992 ஓகஸ்ட் 20. நான்கு ஹெலிகளோடு பெயர் வாங்கிய குழு, பிறகு ஐந்தாக்கினார்கள். 2008இல் பெர்லினிலும் இங்கிலாந்திலும் பறந்தார்கள். பிறகு குழு சூலூருக்குக் குடிவந்தது, அதுதான் கோயம்புத்தூர்ப் பக்கம். தமிழ்நாட்டு வானத்தில் பயிற்சி எடுக்கிற குழு அது.

சூலூர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் சூலூரும் நம்முடைய சீனக்குடாவும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்களாக இருந்தவை. சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர், சீனக்குடாவுக்கு எச்.எம்.எஸ். பம்பரா. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சீனக்குடா பட்ட பாட்டைப் பற்றித் தனி வீடியோவே செய்திருக்கிறேன்.

ஆ, பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். சாரங் என்றால் சமஸ்கிருதத்தில் மயில். வால் முழுக்க மயில்தோகை தீட்டியிருப்பார்கள். ஒரு துண்டில் ஹெலி திரும்பும்போது வெயில் பட்டு அந்தத் தோகை பளிச்சென்று தெரிகிறது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு வடிவு.

உலகத்திலே சாரங்தான் முதல் ஹெலிக் குழு என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க இராணுவத்தில் 1972 முதல் 1976 வரை சில்வர் ஈகிள்ஸ் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் கசெல் ஹெலிகளோடு ஷார்க்ஸ், 1975 முதல் 1992 வரை. நெதர்லாந்து விமானப்படையில் நான்கு அலுவெட் ஹெலிகளோடு கிராஸ்ஹொப்பர்ஸ், அதுவும் 1995இல் முடிந்தது. எல்லாம் கலைந்துவிட்டன. ஜெட் குழுக்களுக்குக் கிடைக்கிற ஆயுசு ஹெலிக் குழுக்களுக்குக் கிடைப்பதில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை. இருபது ஆண்டு தாண்டி நிற்கிற சாரங்கை நான் கொண்டாடுவது அதனால்தான்.

போன வாரம் ஒருவர் கொமென்டில் எழுதியிருந்தார்: "ஹெலியால் பூத்தூவத்தான் முடியும், வித்தை எல்லாம் ஜெட்டுக்குத்தான்." இல்லை சகோதரா. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம்முடைய வானத்தில் நாம் அதிகம் பார்த்த ஹெலி பெல் 212. மேலே சுழலும் விசிறியில் இரண்டே பிளேட். சிறுவர் பூங்காவில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி ஏறி இறங்கும் பலகை இருக்குமே, அதுபோல அந்த இரண்டு பிளேடும் நடுத்தண்டின் மேலே ஆடும். அந்த வகை ஹெலியை மேலே ஏற்றிச் சட்டென்று மூக்கைக் கீழே அமுக்கினால், உடம்பு எடையில்லாமல் மிதப்பது போல ஒரு நொடி வரும். அந்த நொடியில் பிளேட்டின் தலைப்பு அளவு மீறிச் சாய்ந்து சுழலும் தண்டிலேயே இடிக்கலாம். தண்டு அறுந்தால் அதோடு முடிந்தது. துருவில் நான்கு பிளேட். கதவுக்கு இருப்பது போன்ற பிணைச்சல் எதுவும் அவற்றின் அடியில் இல்லை, பிளேடே வளைந்து கொடுக்கும். பைலட் கையை அசைத்த உடனே முழு ஹெலியும் திரும்பும். 1967இல் ஜெர்மனியின் பிஓ 105 இந்த வழியில்தான் பறந்தது. அதே ஜெர்மன்காரர்களின் உதவியோடுதான் துருவ் வடிவமைக்கப்பட்டது. சாரங் ஒரு ஆட்டம் காட்டும், டொல்பின் லீப் என்பார்கள். மூக்கை நிமிர்த்தி எழும்பி, உச்சியில் வளைந்து, அப்படியே கீழே பாயும். இரண்டு பிளேட் ஹெலி பயப்பட வேண்டிய இடமே அந்த உச்சிதான்.

அதோடு, ஒரு துருவின் விசிறி வட்டம் 13.2 மீட்டர் அகலம். அது கீழே தள்ளும் காற்றுக்குள் பின்னால் வரும் ஹெலி மாட்டக்கூடாது. அதில் மாட்டாமலே கணக்காக நெருங்கி நிற்க வேண்டும்.

விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2007 பெப்ரவரி 2, பெங்களூரு யெலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கான ஒத்திகையில் சாரங்கின் ஹெலி ஒன்று விழுந்து விமானி ஒருவர் இறந்தார். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்த பிறகு எல்லாத் துருவையும் தரையில் நிறுத்தினார்கள், அந்த ஆண்டு ஏரோ இந்தியாவில் சாரங் இல்லை. எனக்கு மனம் சரியில்லாமல் போன நாட்கள் அவை. இன்னொன்று, இவர்கள் ஆட்டம் மட்டும் காட்டுகிறவர்கள் இல்லை. 2013 உத்தரகாண்ட் வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மீட்புக்குப் போனவர்கள்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ட் வந்த அன்று இரவு ஹோலில் மேசையில் வைத்து முதல் துண்டைப் போட்டேன். அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஹெலிச் சத்தம் வந்ததும் கையில் இருந்த தண்டு அப்படியே நின்றுவிட்டது. "எந்தப் பக்கமடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இங்கே என்ன என்று எங்கள் வயதுக்காரருக்கும் மேலே உள்ளவர்களுக்கும் விளங்கும். போர்க்காலத்தில் சத்தம் வந்தால் முதலில் பக்கம் பார்ப்பது, அப்புறம் பிள்ளைகளை எண்ணுவது. நான் ஓடிப்போய், "கம்ப்யூட்டர் அம்மா, கொழும்பில எடுத்தது" என்றேன்.

வந்து பக்கத்தில் இருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இது அந்த ஹெலி இல்லையடா, சத்தம் வேற" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பிளேட் 'டப் டப்' என்று அடிக்கும், நான்கு பிளேட் ஒரே சீராக இரையும். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா காதால் சொல்லிவிட்டார். டொல்பின் லீப் துண்டை மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை, "மயில்தானே அது" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். திரையில் கீரைத் தண்ணீர் ஒரு சொட்டு. நான் துடைக்கவில்லை.

முழு வீடியோ வெள்ளிக்கிழமை வரும், 22 நிமிடம், பாட்டு எதுவும் போடவில்லை, ஹெலிச் சத்தம் மட்டும்தான். வராத ஆறு துண்டுகளில் ஒன்று, சாரங் ஹெலிகள் கடல் பக்கமிருந்து வரிசையாக உள்ளே வந்த முதல் காட்சி. அந்த நாள் காலி முகத்திடலில் நின்ற யாராவது அதை எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள், உங்கள் பெயர் போட்டு அம்மாவுக்கும் காட்டுகிறேன். மான் பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, நான் போகிறேன்.