புரோபோலிஸ் புற்றுநோயைக் கொல்லுமா? ஆய்வகத் தட்டுக்கும் ரத்தத்துக்கும் உள்ள தூரம்

(காட்சி: தேன்பெட்டியின் மூடியை உளியால் நெம்புகிறார்கள். பழுப்புப் பிசின் நூலாக இழுபடுகிறது.)

மூடி இவ்வளவு அடம்பிடிப்பதற்குக் காரணம் புரோபோலிஸ். மொட்டிலும் மரப்பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ பின்காலில் சுமந்து வந்து, மெழுகு கலந்து விரிசல்களை அடைக்கிறது. ஏறக்குறைய பாதி பிசின், 30 சதவீதம் மெழுகு, மீதி வாசனை எண்ணெயும் மகரந்தமும்.

எல்லாத் தேனீயும் இதைச் சேர்ப்பதில்லை. மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயிடம் தேடினால் கிடைக்காது. இத்தாலியத் தேனீ சேர்க்கும்; கொசுத்தேனீ கூட்டையே பிசினும் மெழுகும் குழைத்துத்தான் கட்டும்.

(காட்சி: உலக வரைபடம். ஐரோப்பா, பிரேசில், தைவான் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

ஐரோப்பியப் புரோபோலிஸ் பாப்லர் மர மொட்டிலிருந்து வருவது. அதில் கிரைசின், கலாங்கின், காஃபிக் அமில ஃபீனெத்தில் எஸ்டர் ஆகிய வேதிப்பொருள்கள் உண்டு. கடைசியாகச் சொன்னதைச் சுருக்கமாகக் ‘கேப்’ என்பார்கள். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் முக்கியமானது ஆர்டெபிலின் சி. தைவானில் வட்டத்தாமரை இனத்து மரம் ஒன்றிலிருந்து வரும் புரோபோலின்கள். ஒரே பெயர், வெவ்வேறு சரக்கு. ஒன்றில் கிடைத்த ஆய்வு முடிவை இன்னொன்றின் புட்டியில் ஒட்டி விற்பதில்தான் முதல் கோளாறு.

1988இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, கேப் சாதாரண செல்லைவிடப் புற்றுச் செல்லை அதிகம் பாதிக்கிறது என்று காட்டியது. வீக்கத்தையும் செல் பிழைப்பையும் தூண்டும் ‘என்எஃப்-கப்பா பி’ என்ற புரதத்தைக் கேப் தடுக்கிறது என்று 1996இல் தெரிந்தது. ஆர்வம் சூடுபிடித்ததில் நியாயம் இருக்கிறது.

(காட்சி: ஆய்வக மேசை.)

சோதனை எப்படி நடக்கிறது? பிசினை உறையவைத்துப் பொடியாக்குகிறார்கள். உறையாவிட்டால் அரவையில் அப்பிக்கொள்ளும். 10 கிராம் பொடிக்கு 100 மில்லி 70 சதவீத எத்தனால். இருட்டில் ஒரு நாளாவது குலுக்கி, வடிகட்டி, இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் மெழுகு படியும். மறுபடி வடிகட்ட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் கரைசல் கலங்கி, பின்னால் ஒளி அளவீடு கெடும்.

96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 புற்றுச் செல்கள். மறுநாள் சாற்றைச் சேர்த்து, 24 முதல் 72 மணி நேரம் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் பொருளை விடுகிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். 570 நானோமீட்டரில் ஊதா குறைந்திருந்தால், செல்கள் குறைந்தன என்று கணக்கு.

ஏமாறுவதும் இங்கேதான். புரோபோலிஸின் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கும்; செத்தது பிழைத்தது போலத் தெரியும். அதே பொருள்கள் வளர்ப்பு ஊடகத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கவும் கூடும். அது செல்லைக் கொன்றால் பெயர் புரோபோலிஸுக்குப் போய்விடும். செல் இல்லாத குழி, எத்தனால் மட்டும் விட்ட குழி, சாதாரண செல் இருக்கும் குழி ஆகிய மூன்றும் இல்லாத ஆய்வை நாங்கள் பொருட்படுத்த மாட்டோம்.

(காட்சி: ஒரு தராசு. ஒரு தட்டில் செல், மறுதட்டில் மனிதர்.)

சோதனை சுத்தமாகவே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். செல் தட்டில் கிரைசினுக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் என்ற செறிவும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. அதாவது மில்லிக்குச் சுமார் 2,500 நானோகிராம். 2001இல் வெளிவந்த ஆய்வில் 7 பேருக்கு 400 மில்லிகிராம் கிரைசினை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு மில்லிக்கு 3 முதல் 16 நானோகிராம். குறைந்தது 150 மடங்கு பற்றாக்குறை! குடலும் ஈரலும் சல்பேட், குளுக்குரோனைடு என்ற வேதிக் குழுக்களை ஒட்டி அதை வெளியே தள்ளிவிடுகின்றன. உட்கிரகிக்கப்படாமல் மலத்தில் போவதும் நிறைய. கூடுதல் சொட்டு விட்டு இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அதனால்தான் நானோ உறை, மாற்றியமைத்த மூலக்கூறு என்று ஆய்வு வேறு திசையில் போகிறது.

பிசின் நேரடியாகத் தொடும் இடத்தில் கதை கொஞ்சம் மாறும். கீமோவாலும் கதிர்வீச்சாலும் வரும் வாய்ப்புண்ணுக்குப் புரோபோலிஸ் கொப்பளிப்பைச் சில சிறிய மருத்துவச் சோதனைகள் பார்த்துள்ளன. சிலவற்றில் புண் விரைவாக ஆறியது. அங்கே அது புண்ணை ஆற்றுகிறது, கட்டியைத் தொடுவதில்லை.

(காட்சி: ஆல்கஹாலில் கரைத்த புரோபோலிஸ், அதாவது டிஞ்சர் புட்டி; அருகில் மாத்திரை அட்டை.)

இதற்குத் தீங்கும் உண்டு. தோல் ஒவ்வாமை தேனீ வளர்ப்பவர்களிடம்கூடக் காணப்படுகிறது. பித்தநாளப் புற்றுநோய் இருந்த ஒருவர் பிரேசில் புரோபோலிஸ் எடுத்துச் சிறுநீரகம் செயலிழந்ததாகத் தைவானிலிருந்து 2005இல் ஒரு பதிவு வந்தது. சாயம் பூசிய பெட்டியில் சுரண்டி எடுத்த பிசினில் ஈயம் கலக்கலாம். பிளாஸ்டிக் வலை வைத்து எடுத்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கீமோவில் இருப்பவர்களும் தொடங்குமுன் புட்டியையே எடுத்துப்போய்த் தங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்புண் இருந்தால் ஆல்கஹால் டிஞ்சரை நேராக விடாதீர்கள், எரிச்சல் தாங்காது.