ஊர் வாயை ஏன் மூட வேண்டும்?

(சேலத்தில், ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்றுக்கு நடந்த பாராட்டு விழாவில் பேசியது. கைதட்டல்களை எடுத்துவிட்டேன், அதிகம் இல்லை.)

அவைத் தலைவர் அவர்களே, முன்னாள் கவுன்சிலர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் நமக்காக ஒதுக்கிய பொறியாளர் அவர்களே, என் அக்காவுக்கும் எனக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்து, எனக்கு மட்டும் அது ஏறாமல் போனதைப் பெருந்தன்மையோடு மறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வியாபாரப் பெருமக்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளுங்கள். பொன்னாடைக்குப் பதிலாக அம்மாபேட்டைத் தறியில் நெய்த துண்டு போட்டீர்கள். பொன்னாடையில் முகம் துடைக்க முடியாது. ரொம்ப நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் கூடிப் பேசுவதால் என்ன பயன் என்பது ஒன்று. ஐந்து ரோட்டுப் போக்குவரத்து இரண்டாவது. மூன்றாவது திருமணிமுத்தாறு.

'உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது' என்று என் அப்பத்தா அடிக்கடி சொல்வார். பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லை மீறும்போது அலுப்போடு சொல்வது அது. எனக்கோ அது ஊருக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் படுகிறது. மூட முடியாத வாயை நல்ல காரியத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது இந்த மன்றம். அதற்குத்தான் இன்று விழா.

பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் நம்முடையது. 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் இங்கே வக்கீலாக இருந்தவர். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944-ல் சேலம் மாநாட்டில். நாட்டுக்கே பேசியிருக்கிறோம். ஆனால் நம் தெருச் சாக்கடையைப் பற்றி யார் பேசுவது? ராஜாஜி பின்னாளில் கவர்னர் ஜெனரல் வரைக்கும் போனார். அதற்கு வெகு காலம் முன்னே, 1917 முதல் 1919 வரை, சேலம் நகராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீர்ப் பிரச்சினை பார்த்தவர். குழாய் என்றதும் என் கதை ஒன்று ஞாபகம் வருகிறது.

எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்பது சிதம்பர ரகசியம். ஒரு நாள் ஆத்தூரில் என் மாமன் மகன் கல்யாணம். ஆறு மணி முகூர்த்தம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் பாதி முகத்துக்குச் சவரம் செய்து முடித்திருக்கிறேன், என் மனைவி பட்டுப்புடவையோடு வந்து நின்று, "ஏங்க, தண்ணி வந்திருச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் குடத்தோடு ஓட, மறுபாதி முகத்தில் சோப்பு நுரையோடு நான் தொட்டிக்கு ஓஸ் பிடிக்க, கடைசியில் நாங்கள் ஆத்தூர் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது. ஆல்பத்தில் இன்றும் பாருங்கள், ஒரு பக்கம் தாடியோடு நிற்பது நான்தான்.

இதை இந்த மன்றத்தில் ஒரு நாள் சொல்லி, தண்ணீர் திறந்துவிடுகிறவரை நன்றாகத் திட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் ஒருவர் எழுந்தார். "அய்யா, அது நான்தானுங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. "பதினோரு தெருவுக்கு நான் ஒரே ஆளுங்க. தொட்டி எப்ப நிறையும்னு எனக்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் போன் வரும். திட்டறவங்க நிறைய பேரு. எப்ப வரும்னு என்கிட்ட யாரும் கேட்டதில்லைங்க."

அப்புறம் அரை மணி நேரப் பேச்சு. முனைக் கடையில் ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ். ராத்திரி போன் வந்ததும் கடைக்காரருக்கு அவர் சொல்லிவிடுவார். கடையை அடைக்கும் முன் கடைக்காரர் பலகையில் எழுதிவிடுவார். சில நாள் 'நாளைக்கு வராது' என்றும் எழுதியிருக்கும். அதுவும் உபயோகம்தான், நிம்மதியாகத் தூங்கலாம். இன்றைக்கும் அந்தப் பலகை தொங்குகிறது. ஊர் வாயை மூடியிருந்தால் நான் இன்னும் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

கிராமத்தில் கிராமசபை இருப்பதுபோல் நகரத்திலும் பகுதி சபா கூட்டலாம் என்று 2022-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. நம் மாநகராட்சியில் 60 வார்டு. உங்கள் வார்டில் சபா கூடியபோது போயிருக்கிறீர்களா? கை தூக்குங்கள் பார்க்கலாம். சரி, சரி, இறக்கிவிடுங்கள், எண்ணிவிட்டேன்.

ஐந்து ரோடு... செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேலே ஈரடுக்குப் பாலம் வந்தாயிற்று, கீழே நெரிசல் தீரவில்லை. இன்னொரு நாள் பேசுவோம். ஆற்றை மட்டும் சொல்லாமல் இறங்க மாட்டேன். என்னைக் கூப்பிட்டபோதே இது உங்களுக்குத் தெரியும்.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் திருமணிமுத்தாறு. மலையிலிருந்து இறங்கி, ஊருக்கு நடுவே வந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தொட்டுக்கொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. பாரி மகளிருக்கு ஔவையார் கல்யாணம் செய்துவைத்தது அந்த உத்தமசோழபுரத்தில்தான் என்று நம் பக்கத்தில் கதை உண்டு. அந்த ஆற்றில் இன்று சாயக் கழிவும் சாக்கடையும் ஓடுகின்றன. நம் பிள்ளைகளுக்கு அதன் பெயர் தெரியாது, 'சாக்கடைப் பாலம்' என்கிறார்கள். மணியும் முத்தும் சேர்ந்த பெயருக்கு இந்தக் கதி.

முடியாது என்று சொல்லாதீர்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் இந்த ஊர் மக்கள்தான் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அங்கே பறவைகள் வருகின்றன. ஏரிக்கு நாலு பக்கமும் கரை இருக்கிறது, ஒரே இடத்தில் நின்று வேலை பார்க்கலாம். ஆறு அப்படியில்லை, ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்கு ஓடிவிடுகிறது; அதோடு பொறுப்பும் ஓடிவிடுகிறது. அதனால்தான் வார்டு வாரியாகப் பேசாமல், ஊரே ஓரிடத்தில் உட்கார்ந்து பேசவேண்டும் என்கிறேன்.

மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தை இந்த மண்டபத்தில் வைக்காதீர்கள். அணைமேட்டில் ஆற்றங்கரையிலேயே வையுங்கள். ஊர் வாயைத் திறந்துகொண்டு, மூக்கை மட்டும் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடிகிறது என்று பார்ப்போம். பொறியாளர் அய்யாவும் கட்டாயம் வரவேண்டும். நாற்காலிக்கு நான் பொறுப்பு. துண்டை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.