பல் டாக்டர்கிட்ட சும்மா ஒரு செக்கப்

வணக்கம் நேயர்களே. பல் டாக்டர்னாலே நம்மாளுங்களுக்கு ஊசியும் அந்த ட்ரில்லிங் சத்தமும்தான் ஞாபகம் வருது, அதனால ராத்திரி கன்னம் வீங்கி தூக்கமே போற வரைக்கும் கிராம்பை கடிச்சுக்கிட்டே ஓட்டிடுறாங்க. வெறும் செக்கப்னா ஊசி கிடையாதுங்க. அதை சொல்லத்தான் வந்தேன்.

பல்லுக்கு மேல இருக்கற எனாமல்ல நரம்பு இல்ல. சொத்தை அங்கயே இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கீழ இருக்கற டென்டின்ங்கற அடுக்குக்கு இறங்கினா ஐஸ் தண்ணி குடிக்கும்போது சுருக்குனு கூசும், நரம்பைத் தொட்டாதான் அந்த உசுரு போற வலி, அப்ப வந்தா ரூட் கெனால், இல்லன்னா புடுங்குறது. எனாமல்ல இருக்கும்போதே பாத்துட்டா பல நேரம் ஃப்ளோரைடு தடவியே நிறுத்திடலாம், செலவும் கம்மி.

சேர்ல உக்காந்ததும் முதல்ல கேள்விதான். சுகர் இருக்கா, பிபி இருக்கா, ஹார்ட்ல வால்வு மாத்தியிருக்கா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா, பெண்கள்னா மாசமா இருக்கீங்களா. "பல்லு பாக்க வந்தா சுகர் எதுக்குங்க கேக்குறீங்க"ன்னு சில பேர் கோவிச்சுக்குவாங்க. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டுக் கிடந்தா சுகரும் குறைய அடம் புடிக்கும். மாத்திரை பேர் தெரியலன்னா அட்டையையே எடுத்துட்டு வாங்க, "சின்னதா வெள்ளையா இருக்கும்"னு சொன்னா பாதி மாத்திரை அப்படித்தான் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுறவங்க பல்லுக்காக நீங்களா நிறுத்திட்டு மட்டும் வந்துடாதீங்க, ப்ளீஸ்.

அடுத்தது புகையிலை, பாக்கு. கூட வீட்டம்மா நின்னா இதுக்கு மட்டும் பதிலே வராது, ஆனா வாயைத் திறந்தா பல் டாக்டருங்க எங்களுக்குத் தெரிஞ்சுடும். வெறும் பாக்கு தானே, புகையிலை இல்லையேன்னு நினைக்காதீங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கையே தனியா புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு சொல்லியிருக்கு. பாக்கு போட்டுப் போட்டு கன்னத்து உள்பக்கம் நார் நாரா இறுகிப்போய் வாய் சரியா திறக்காம போயிடும், காரம் பட்டாலே எரியும். உங்க மூணு விரலை அடுக்கி நிறுத்தி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க, போகலன்னா காமிக்கணும். அதனாலதான் செக்கப்ல பல்லை மட்டும் பாக்க மாட்டோம், நாக்கைத் தூக்கச் சொல்லுவோம், நாக்கோட ஓரம், கன்னம், அண்ணம், தாடைக்குக் கீழ நெறி கட்டியிருக்கான்னு தடவிப் பாப்போம். வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இதெல்லாம் பல நேரம் வலிக்காது, வலிக்காததுனாலயே விட்டுடுவாங்க.

அப்புறம் சின்னக் கண்ணாடியும் ஒரு கம்பியும் வச்சு ஒவ்வொரு பல்லா பாக்கும்போது "36, 46"ன்னு ஏதோ நம்பர் சொல்லுவோம். பில்லுன்னு பயந்துடாதீங்க, அது பல்லோட நம்பர், வாயை நாலு பாகமா பிரிச்சு எண்ணுறது, 36ன்னா இடது பக்கம் கீழ முதல் பெரிய கடவாய்ப் பல். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல கோடு போட்ட கம்பியை விட்டு ஆழம் அளப்போம், 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேல போனா ஈறு விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிருச்சான்னு கவனிக்கணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கற சொத்தைக்கு எக்ஸ்ரே வேணும், ஒரு பல்லு எக்ஸ்ரேல படுற கதிர்வீச்சு ரொம்பக் கொஞ்சம்தான்.

பல்லுல காரை, அதாவது கல்லு மாதிரி இறுகின அழுக்கு, படிஞ்சிருந்தா க்ளீனிங் பண்ணச் சொல்லுவாங்க. க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்னு ஊர் முழுக்க ஒரு பேச்சு. சந்து ஏற்கனவே இருக்கு, காரை அதை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, எடுத்ததும் கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு கூச்சம் இருக்கும், போயிடும். மேல் பல்லை புடுங்கினா கண்ணு போயிடும்ங்கறதும் அதே ரகம்தான், கண் பார்வைக்கான நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேற.

கடைசியில என்னென்ன பண்ணணும், எது அவசரம், எது அடுத்த மாசம் பண்ணிக்கலாம், எவ்வளவு ஆகும்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. அன்னைக்கே சரின்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல, இன்னொரு டாக்டர்கிட்ட காமிச்சாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பணம் பிரச்சனைன்னா அரசு ஆஸ்பத்திரி இருக்கு, சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கு.

வரும்போது வீட்ல ஆறு வயசுப் புள்ள இருந்தா கூட்டிட்டு வாங்க. அந்த வயசுல பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா ஒரு கடவாய்ப் பல் வரும், எதுவும் விழாம வர்றதால அதையும் பால் பல்லுன்னு நினைச்சு சொத்தையாக விட்டுடுறாங்க, அது விழுந்து முளைக்காதுங்க, கடைசி வரைக்கும் அந்த ஒண்ணுதான். நன்றி, வணக்கம்.