இருப்பு எப்போது பதுக்கல் ஆனது?

(ஒரு வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வணிகப் பெருமக்களே, வணக்கம்.

கூட்டம் முடிந்ததும் சாப்பாடு என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். அதனால் எவ்வளவு நேரம் பேசலாம் என்பது எனக்குத் தெரியும்.

என் தாத்தா அரிசி மண்டி வைத்திருந்தவர். அவருடைய பேரேடுகள் சில எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. 1941ஆம் ஆண்டுப் பேரேட்டைப் புரட்டினால் ஆள் பெயர்கள்தான் இருக்கும். இன்னார் பற்று, இன்னார் வரவு. நெல் விளைவதற்கு முன்பே விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், சில்லறைக் கடைக்காரருக்குக் கடனாக அனுப்பிய மூட்டை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். 1944க்கு வந்தால் பெயர்கள் குறைந்து, ஒரு புதுத் தலைப்பு முளைத்திருக்கிறது: ‘பர்மிட் வகை’. அதன் கீழே பஸ் சார்ஜ், மனு எழுதிய கூலி, ஸ்டாம்பு, காப்பிச் செலவு. யாருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார் என்று எழுதவில்லை. விவரம் தெரிந்த மனுஷர்.

இந்த இரண்டு பேரேடுகளுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நம் பெரியவர்கள் ‘கன்ட்ரோல் காலம்’ என்று சொன்னார்கள். சரக்கையும் விலையையும் சர்க்கார் கட்டுப்படுத்திய காலம்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அந்த மாதமே விலைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை இந்திய அரசு மாகாணங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் யாரும் அவசரப்படவில்லை. 1930களின் மந்தத்தில் நெல்லும் பருத்தியும் விலை போகாமல் கிடந்த நாடு இது. விலை கொஞ்சம் ஏறினால் விவசாயி பிழைப்பான் என்றுதான் அதிகாரிகளும் நினைத்தார்கள். உண்மையான முதல் சோதனை கோதுமையில் நடந்தது. 1941 டிசம்பரில் வடக்கே லாயல்பூர், ஹாப்பூர் சந்தைகளில் கோதுமை மணங்கு 4 ரூபாய் 6 அணாவுக்கு மேல் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. (மணங்கு என்றதும் நம் ஊர் மணங்கை நினைத்துவிடாதீர்கள். சென்னை மணங்கு சுமார் 25 பவுண்டு. அவர்களுடையது 82 பவுண்டு.) விலை நின்றது, கோதுமையும் நின்றது. சந்தைக்குச் சரக்கே வரவில்லை. 1943 ஜனவரியில் உத்தரவை எடுத்துவிட்டார்கள்.

நமக்கு அடி விழுந்தது 1942 மார்ச்சில். ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதுவரை ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. சென்னையும் திருவாங்கூரும் கொச்சியும் அதை நம்பியே உலை வைத்தன. ஒரே மாதத்தில் அந்த வரத்து நின்றது. பர்மாவில் நிலத்தையும் கடன் பத்திரங்களையும் விட்டுவிட்டு வந்த செட்டியார்களின் கதை தனி. அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னை காலியாக ஆரம்பித்தது. அரசு அலுவலகங்களே ஊர் மாறின. கடைக்காரர் மட்டும் தைரியமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அதன் பிறகு ஒவ்வொரு மாகாணமும் தன் எல்லையில் கதவைச் சாத்தியது. தன் அரிசி தனக்கு. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குக் கொண்டுபோகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. மொத்த வியாபாரிக்கு லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தாலும் சரக்கை நகர்த்தப் பர்மிட். பர்மிட் கிடைத்தாலும் ரயில் வேகன் கிடைக்க வேண்டும். வேகன்கள் ராணுவத்துக்குப் போய்விட்டன, சில இந்தியாவை விட்டே மேற்கு ஆசியாவுக்குப் போய்விட்டன. பர்மிட் கையில் இருக்கும், அதன் தேதி முடிந்துபோகும், வேகன் வந்திருக்காது. மறுபடியும் ஒரு மனு, மறுபடியும் பஸ் சார்ஜ்.

இதில் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். மண்டிக்காரர் வேலை என்ன? தையில் அறுக்கிறோம், ஐப்பசியிலும் சாப்பிடுகிறோம். நடுவில் ஒன்பது மாதம் அந்த நெல்லை யாராவது ஒருவர் தன் பணத்தைப் போட்டு, எலிக்கும் மழைக்கும் காவல் இருந்து வைத்திருக்க வேண்டும். அதுதான் அவர் தொழில். அந்தக் குவியலுக்கு நேற்றுவரை ‘இருப்பு’ என்று பெயர். சட்டம் வந்த பிறகு அதே குவியலுக்குப் ‘பதுக்கல்’ என்று பெயர். 1943இல் பதுக்கலையும் கொள்ளை லாபத்தையும் தடுக்கத் தனி அவசரச் சட்டமே வந்தது. இருப்பு எந்த மூட்டையோடு முடிகிறது, பதுக்கல் எந்த மூட்டையில் தொடங்குகிறது என்று எந்த அதிகாரியாலும் களஞ்சியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது வைத்திருப்பவன் மனசில் இருக்கிறது. பயந்த வியாபாரி என்ன செய்தார்? சீக்கிரம் விற்றுவிட்டு ஒதுங்கினார். பயப்படாதவர் வாங்கி ஒளித்தார்.

நம் ஆட்கள் எல்லாரும் பாவம், சர்க்கார்தான் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் கை தட்டுவீர்கள். அப்படிச் சொல்ல வங்காளம் விடாது.

1942இல் ஜப்பான் வந்துவிடும் என்று பயந்து, கிழக்கு வங்காளக் கடலோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அரசு பறித்தது, அழித்தது. ஆறும் கால்வாயுமாக இருக்கும் தேசத்தில் படகுதான் வண்டி. உபரி அரிசியையும் ஏஜெண்டுகள் வைத்து வாங்கி அப்புறப்படுத்தினார்கள். ஜூலையில் உச்சவரம்பு விலை வைத்தார்கள். சந்தை விலைக்குக் கீழே வைத்ததால் அரிசி மறைந்தது. அக்டோபரில் மேதினிப்பூரில் புயல். டிசம்பர் 20 கல்கத்தாவில் குண்டு விழுந்தது, கடைகள் மூடின. நகரம் பட்டினி கிடந்தால் போர்த் தொழிற்சாலைகள் நின்றுவிடும் என்று, அந்த மாதக் கடைசியில் கல்கத்தா வியாபாரிகளின் கிடங்குகளில் இருந்த அரிசியைச் சர்க்கார் கைப்பற்றியது. அன்றைய தேவைக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்பினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அப்புறம் எந்த வியாபாரி அனுப்புவான்? 1943 மார்ச்சில், சரி, விலைக் கட்டுப்பாடே வேண்டாம் என்று எடுத்தார்கள். 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி, மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37.

பிறகு வந்த பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக ஜான் உட்ஹெட் தலைமையிலான விசாரணை ஆணையம் 1945இல் சொன்னது. பின்னால் ஆராய்ந்தவர்களில் சிலர் 30 லட்சம் வரை போகிறார்கள். அந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் கணக்குப் படித்தவன், ஆனாலும் அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1943இல் அரிசி வாங்கி விற்றதில் வழக்கத்துக்கு மீறிய லாபம் 150 கோடி ரூபாய். செத்த ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 1,000 ரூபாய் லாபம் என்று ஆணையமே வகுத்துக் காட்டியிருக்கிறது. அதில் பெரிய விவசாயிகளின் பங்கும் உண்டு, ஆலைக்காரர்கள் பங்கும் உண்டு. வியாபாரிகள் பங்கும் உண்டு. அரசின் குளறுபடி இல்லாமல் அந்த லாபம் வந்திருக்காது என்பதும் உண்மை. அந்த லாபத்தை எடுத்தவன் கை அவனுடைய கைதான் என்பதும் உண்மை.

துணிக்கு வருவோம். 1943 நடுவில் பருத்தித் துணியின் விலை போருக்கு முந்தைய விலையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஜூனில் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பம்பாயில் டெக்ஸ்டைல் கமிஷனர். ஆலையிலேயே துணியின் மேல் விலை முத்திரை குத்திவிட வேண்டும். துணிக்கடைக்காரருக்கு இது புது அனுபவம். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலை சொல்லுகிற கலை அன்றோடு முடிந்தது. அந்த ஒரு விஷயத்தில் கன்ட்ரோலுக்கு நான் நன்றி சொல்வேன். நம் தறிக்காரர்கள் பாடுதான் மோசம். நூல் பங்கீட்டில் வரும். தறியை எண்ணிக் கொடுப்பார்கள். எண்ணிக் கொடுக்கும் இடத்தில் ஓடாத தறிக்கும் எண் வரும். ஓடுகிற தறி வெளிச்சந்தையில் நூல் வாங்கித்தான் ஓடியாக வேண்டும்.

இங்கேதான் தாத்தாவின் பேரேடு எனக்குப் புரிந்தது. போருக்கு முன் வியாபாரியின் மூலதனம் பணம் மட்டும் இல்லை, பேச்சும்தான். அவர் சொன்னால் பத்து மூட்டை வரும், இன்னொருவர் சொன்னால் ஐந்து மூட்டைதான். கன்ட்ரோலில் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. காகிதத்துக்குத்தான் மதிப்பு. லைசென்ஸ் கையில் இருந்தால் நேற்று முளைத்தவனும் மொத்த வியாபாரி. பர்மிட்டை வாங்கி, சரக்கைத் தொடாமலே அதை இன்னொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்த்தவர்கள் உண்டு. சரக்கு ஒரு சந்தையில் விற்றது, காகிதம் இன்னொரு சந்தையில் விற்றது. இரண்டாவது சந்தையில்தான் லாபம் அதிகம்.

அந்த லாபத்தை எழுதக் கறுப்புப் பேரேடு வேண்டியிருந்தது. 1940இல் மிகை லாப வரி வந்தது, கூடுதல் லாபத்தில் பாதி. அடுத்த ஆண்டே மூன்றில் இரண்டு பங்கு. நேர்மையாகக் கணக்கு எழுதியவர் கட்டினார். மற்றவர் இரண்டாம் பேரேடு போட்டார். அந்தப் பணத்தைப் பிடிக்கத்தான் 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். தாத்தாவுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. அவரை வாட்டியது சில்லறைத் தட்டுப்பாடு. செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்களே, அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டுவார்களாம்.

போர் 1945இல் முடிந்தது, கன்ட்ரோல் முடியவில்லை. 1946இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக அதிகாரங்கள்’ என்று இருந்தது. காந்தியடிகள் கட்டுப்பாடு மனிதனைப் பொய்யனாக்குகிறது என்ற எண்ணத்தில் 1947 கடைசியில் அதை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார், எடுத்தார்கள். துணி விலை பறந்தது, 1948லேயே திரும்பப் போட்டார்கள். அப்போதும் வியாபாரிகளை நம்பித்தான் எடுத்தார்கள் என்பதை இந்தச் சங்கத்தில் சொல்லாமல் போக முடியாது. 1955இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்தபோது ‘தற்காலிக’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம்தான் இன்றும் இருக்கிறது.

நடுவில் 1952 ஜூனில், முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட முழுதாக முடிந்ததோ இல்லையோ, ராஜாஜி சென்னை மாநிலத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். தாத்தா அந்த மாதமே புதுப் பேரேடு போட்டிருக்கிறார். பிள்ளையார் சுழி, லாபம், எல்லாம் பழைய கையெழுத்து. 1941இல் இருந்த பெயர்களில் பாதிகூட அதில் இல்லை. ‘பர்மிட் வகை’ என்று மட்டும் வழக்கம்போல ஒரு பக்கத்துக்குத் தலைப்பெழுதி, கோடு போட்டு வைத்திருக்கிறார். கீழே ஒன்றும் எழுதவில்லை.